பெர்சனாலிட்டி டெஸ்ட் எடுத்தாச்சா? அப்படியென்றால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள்

இன்ட்ரோவெர்ட்டா எக்ஸ்ட்ரோவெர்ட்டா என்று சொல்லும் டெஸ்ட் ஒன்றை நீங்களும் எப்போதாவது எடுத்திருப்பீர்கள். பத்து நிமிஷம் பட்டனைத் தட்டினால் நான்கு எழுத்து வரும், கூடவே ஒரு படமும் நான்கு பத்தி விளக்கமும் வரும். படித்தால் ‘அட, அப்படியே நான்தான்’ என்று தோன்றும். பாதிப் பேர் அதை ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். மீதிப் பேர் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். நான் இரண்டாவது வகை, நான்கு வருஷம் பிடித்துக்கொண்டிருந்தேன். அதனால் என்ன நஷ்டம் வந்தது, பிறகு அதே மாதிரி ஒரு டெஸ்ட்டை வைத்து என்ன தெரிந்துகொண்டேன், நீங்கள் செய்வதாக இருந்தால் எப்படிச் செய்யலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு காரைக்குடியில், செக்காலைப் பக்கம். ஆச்சி பலகார வியாபாரம் செய்கிறார்கள் (எங்கள் வழக்கத்தில் அக்காதான் ஆச்சி). தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம், அதிரசம், மாவுருண்டை எல்லாம் உண்டு. கணக்கு, பேக்கிங், கூரியர் மூன்றும் என் பொறுப்பு. இதற்கு முன் சென்னையில் வேலை பார்த்தபோது, ஆபீஸில் ஒரு நாள் எல்லோரையும் உட்காரவைத்து டெஸ்ட் எடுக்க வைத்தார்கள். எனக்கு முதல் எழுத்து ‘ஐ’ என்று வந்தது, அதாவது இன்ட்ரோவெர்ட். பயிற்சி கொடுக்க வந்தவர், ‘உங்களுக்கு ஆட்களோடு பேசுகிற வேலை ஒத்து வராது’ என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வரியோடு ஊருக்கு வந்தேன். வந்த நாளிலிருந்து ஆர்டர் போன் எடுப்பதை முழுக்க ஆச்சி தலையில் போட்டுவிட்டேன். அடுப்பில் பாகு கொதிக்கும்போது போன் மணி அடிக்கும், அவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவருவார்கள், நான் பக்கத்திலேயே டப்பாவுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நான்கு தீபாவளி இப்படியே போனது.

எந்த டெஸ்ட்டை எடுப்பது

நான்கு எழுத்து வகையின் பூர்வீகத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. கார்ல் யுங் என்ற சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் 1921-இல் மனித வகைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். உள்முகம் (இன்ட்ரோவெர்ட்), புறமுகம் (எக்ஸ்ட்ரோவெர்ட்) என்ற பேச்சு பரவலானது அதற்குப் பிறகுதான். அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸ் என்ற அம்மாவும் அவருடைய மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸும் அதை எடுத்து வளர்த்தார்கள். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் இசபெல் கேள்விகளை எழுதத் தொடங்கினார், 1962-இல் அது மையர்ஸ்-பிரிக்ஸ் என்ற டெஸ்ட்டாக வெளிவந்தது. இருவரும் உளவியல் பட்டம் பெற்றவர்கள் அல்லர். அதை மட்டும் வைத்து டெஸ்ட்டைத் தள்ளிவிட வேண்டியதில்லை. எனக்குப் பிரச்சினையாகப் படுவது வேறு. அது ஒவ்வொரு குணத்தையும் நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டாக வெட்டுகிறது. நூற்றுக்கு 49 வாங்கியவர் ஒரு வகை, 51 வாங்கியவர் வேறு வகை. உயரம் மாதிரிதான் குணமும், பெரும்பாலானவர்கள் நடுவாந்தரமாகத்தான் இருப்பார்கள், இரண்டு ஓரத்திலும் ஆட்கள் குறைவு. நடுவில் கோடு போட்டால் கூட்டம் அதிகமாக இருக்கிற இடத்திலேயே வெட்டு விழுகிறது. அதனால்தான் சில வாரம் கழித்து அதே டெஸ்ட்டை மறுபடி எடுக்கிறவர்களில் நிறையப் பேருக்கு ஒரு எழுத்தாவது மாறிப்போகிறது. ஆள் மாறவில்லை, கோட்டைத் தாண்டி இரண்டு அடி எடுத்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

அதனால் என் யோசனை, வகை சொல்கிற டெஸ்ட்டை விட அளவு சொல்கிற டெஸ்ட்டை எடுங்கள். பிக் ஃபைவ் என்று தேடினால் கிடைக்கும். இதன் கதை எனக்குப் பிடித்தமான கதை. 1936-இல் ஆல்போர்ட், ஆட்பர்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஆங்கில அகராதியைப் புரட்டி, மனிதர்களை வேறுபடுத்திச் சொல்லும் சொற்களை எல்லாம் பொறுக்கினார்கள். கிட்டத்தட்ட 18,000 சொல் சேர்ந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் வேறு வேறு ஆட்கள் அதைச் சலித்து, எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்ததில் ஐந்து பெரிய குவியல் நின்றது. புதியதில் நாட்டம், ஒழுங்கும் பொறுப்பும், புறமுகம், இணக்கம், பதற்றம் என்று அவற்றை நான் சொல்லிக்கொள்கிறேன். ஒவ்வொன்றிலும் நீங்கள் எந்த அளவில் நிற்கிறீர்கள் என்று எண் வரும், வகைப் பெயர் வராது. ஐபிஐபி என்ற பொதுக் கேள்வித் தொகுப்பை வைத்துச் செய்த 120 கேள்வி டெஸ்ட் இலவசமாகவே கிடைக்கிறது, பதினைந்து இருபது நிமிஷம் ஆகும்.

ஒன்றை மறக்காதீர்கள். ரிசல்ட்டைக் காட்டப் போன் நம்பர் கேட்கும் தளத்திலும், முகநூல் கணக்கோடு உள்ளே வரச் சொல்லும் தளத்திலும் எடுக்காதீர்கள். ஒரு பெர்சனாலிட்டி டெஸ்ட் ஆப் வழியாக 8.7 கோடிப் பேர் வரைக்குமான முகநூல் தகவல் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா கைக்குப் போன விவகாரம் 2018-இல் வெடித்தது ஞாபகம் இருக்கும்.

எடுக்கும்போது

கேள்விகள் ஆங்கிலத்தில் இருக்கும், அமெரிக்க வாழ்க்கையை வைத்து எழுதியிருப்பார்கள். ‘பார்ட்டிகளில் பல பேரோடு பேசுவேன்’ என்று ஒரு கேள்வி வரும். நம் ஊரில் அந்த மாதிரிப் பார்ட்டிக்கு எங்கே போவது? அதனால் ‘இல்லை’ என்று போட்டுவிடுகிறோம், உள்முகம் என்று மார்க் ஏறுகிறது. நான் இரண்டாவது முறை எடுத்தபோது ஒவ்வொரு கேள்வியையும் நம் வீட்டு நிகழ்ச்சி ஒன்றாக மாற்றிக்கொண்டேன். பார்ட்டி என்றால் ஒரு கல்யாண வீடு, வளவு நிறைய ஆட்கள், சம்பந்தி வீட்டுக்காரர்களில் பாதிப் பேரைத் தெரியாது, அங்கே நான் என்ன செய்வேன்? போன பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்கப் பங்காளி வீட்டுக்குப் போனபோது என்ன செய்தேன்? ‘பொதுவாக நான் எப்படி’ என்று கேட்டுக்கொண்டால் நமக்குப் பிடித்த பதில்தான் வரும். ‘போன தடவை என்ன செய்தேன்’ என்று கேட்டுக்கொண்டால் நடந்தது வரும்.

சண்டை போட்ட அன்றைக்கோ, தூக்கம் கெட்ட அன்றைக்கோ எடுக்க வேண்டாம். தீபாவளி சீசன் முடிந்த மறுநாள் எடுத்தால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பதற்றம் உச்சத்தில்தான் வரும். சாதாரணமான ஒரு வார நாளில் எடுத்து, எண்களை ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டு, மூன்று நான்கு வாரம் கழித்து இன்னொரு தடவை எடுங்கள். அப்புறம் உறையைப் பிரித்து ஒப்பிடுங்கள். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும் குணத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டால் போதும், ஆடுவதை விட்டுவிடலாம்.

கேள்விக்குக் கேள்வி பதிலையும் குறித்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஆச்சியை நான் டெஸ்ட் எடுக்க வைத்தபோது ‘பொருட்களை அங்கங்கே போட்டுவிடுவேன்’ என்ற கேள்விக்கு யோசிக்காமல் ஆமாம் என்றார்கள். உண்மைதான், கண்ணாடி ஒரு தூணடியில் கிடக்கும், சாவி பூஜை அறையில் கிடக்கும், எழுதிக்கொண்டிருந்த சீட்டு முறத்துக்கு அடியில் கிடக்கும். ஒழுங்கு என்ற தலைப்பில் மார்க் குறைவாகவே வந்தது. ஆனால் அதே ஆச்சி மனகோலத்துக்குப் பாகு வைக்கும்போது பார்க்க வேண்டும். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு, பாகை ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டிப் பார்ப்பார்கள், மெத்தென்று இருந்தால் தலையை ஆட்டிவிட்டுக் கரண்டியைத் திரும்ப உள்ளே விடுவார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒரு சொட்டு. உருட்டியதைத் தட்டில் எறிந்து ‘டங்’ என்று சத்தம் கேட்டால்தான் அடுப்பை அணைப்பார்கள். நடுவில் யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார்கள். இருபது வருஷமாக ஒரு தடவை கூடப் பதம் தப்பியதில்லை. ஒழுங்கு இல்லாதவர் என்று அவர்களை யார் சொல்ல முடியும்? இந்தப் பக்கம் இருக்கிறது, அந்தப் பக்கம் இல்லை. மொத்த மார்க் அந்த இரண்டையும் கூட்டி நடுவில் ஒரு எண்ணைக் கொடுத்துவிடுகிறது. அதனால் மொத்த மார்க்கோடு நிற்காமல் எந்தக் கேள்வியால் அந்த மார்க் வந்தது என்று பாருங்கள்.

‘அப்படியே நான்தான்’

விளக்கத்தைப் படித்ததும் உடம்பு சிலிர்த்தால் அங்கேதான் நிதானம் வேண்டும். 1948-இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் வகுப்பு மாணவர்கள் 39 பேருக்கு ஒரு டெஸ்ட் வைத்து, ஒரு வாரம் கழித்து ஆளுக்கொரு தாளில் ‘இதுதான் உன் குணம்’ என்று கொடுத்தார். எவ்வளவு சரியாக இருக்கிறது என்று ஐந்துக்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. ஆனால் எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள். அதில் இருந்த வரிகளைப் பெரும்பாலும் கடையில் விற்கும் ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். ‘வெளியே தைரியமாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் கவலைப்படுவீர்கள்’ மாதிரியான வாக்கியம் யாருக்குத்தான் பொருந்தாது?

வீட்டில் இதைச் செய்து பார்க்கலாம். வீட்டில் டெஸ்ட் எடுத்த ஒருவருடைய ரிசல்ட் விளக்கத்தை அச்செடுங்கள், அதற்கு நேர் எதிரான விளக்கத்தையும் அச்செடுங்கள். தலைப்பை வெட்டிவிட்டு அவரிடம் எதிரானதைக் கொடுத்து ‘இது உங்கள் ரிசல்ட்’ என்று சொல்லுங்கள். ஆச்சியிடம் நான் அப்படித்தான் கொடுத்தேன். படித்துவிட்டு, ‘சரியாத்தானப்பா எழுதியிருக்காக’ என்றார்கள். பிறகு உண்மையைச் சொல்லி இன்னொன்றைக் கொடுத்தேன், அதுவும் சரி என்றார்கள். அதற்குப் பிறகு இருவரும் அவரவர் விளக்கத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். தெருவில் போகிற யாருக்கும் பொருந்தும் என்று தோன்றிய வரி எல்லாவற்றையும் அடித்தோம். முழுப் பக்க விளக்கத்தில் எனக்கு மிஞ்சியது ஐந்து வரி. அந்த ஐந்தை வைத்துக்கொண்டுதான் நோட்டுக்குப் போக வேண்டும்.

நோட்டு

மற்றதை எல்லாம் விட்டாலும் இதை விடாதீர்கள். டெஸ்ட் சொல்வது ஒரு ஊகம். அது சரியா என்று உங்களுடைய நாட்கள்தான் சொல்லும். எங்கள் ஐயா (தாத்தா) காலத்துக் கணக்கு முறை எனக்கு இதில் ரொம்பக் கைகொடுத்தது. பர்மாவிலும் மலாயாவிலும் கிட்டங்கி (வட்டிக்கடை) நடத்தியவர்கள் அன்றன்றைக்கு நடந்ததை நேர வரிசைப்படி குறிப்பில் எழுதுவார்கள், அதைத் தலைப்புவாரியாகப் பிரித்துப் பேரேட்டில் ஏற்றுவார்கள், கடைசியில் ஐந்தொகை (மொத்தக் கணக்கு) போடுவார்கள். ஒரு ஆள் எப்படிப்பட்டவன் என்று பார்ப்பதற்கும் அவர்கள் அவசரப்பட்டதில்லை. பெட்டியடிப் பையனாகச் சேர்த்து, அடுத்தாளாக்கி (உதவியாள்), அப்புறம்தான் மேலாள் (கடைப் பொறுப்பாளர்). வெளிநாட்டுக்கு அனுப்பினால் மூன்று வருஷக் கணக்கு. கண் முன்னால் அவன் என்ன செய்கிறான் என்பதை வைத்துத்தான் அடுத்த படி.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும், பதினான்கு நாள் எழுத வேண்டும். தொடங்கும் முன் முதல் பக்கத்தில் ஊகத்தை எழுதுங்கள். நான் எழுதியது இது: ‘எனக்குப் புறமுகம் குறைவு என்று வந்திருக்கிறது. அது நிஜமாக இருந்தால், நிறையப் பேசிய நாளில் ராத்திரி ஓய்ந்து போயிருப்பேன். தனியாக பேக்கிங் செய்யும் நேரம் நன்றாக இருக்கும். தெரியாத ஆட்களோடு பேசினால் சீக்கிரம் முடிக்கப் பார்ப்பேன்.’ அதற்குக் கீழே, ‘இது தப்பு என்றால் என்ன தெரிய வேண்டும்?’ என்று இன்னொரு வரி. அந்தக் கடைசி வரியை எழுதாமல் தொடங்கினால் பதினான்கு நாளும் டெஸ்ட் சொன்னதற்குச் சாட்சி தேடிக்கொண்டுதான் இருப்போம், சாட்சியும் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

முதல் ஆறு நாள் போனை நானும் எடுத்தாக வேண்டும் என்று வைத்துக்கொண்டேன், இல்லையென்றால் எழுதவே எதுவும் இருக்காது. பிறகு அதுவே தொடர்ந்தது. ஒவ்வொரு பதிவிலும் நேரம், யாரோடு, என்ன, எவ்வளவு நேரம், முடிந்தபின் உடம்பு எப்படி. அந்தக் கடைசிக் கட்டத்துக்கு வரவு, பற்று என்று இரண்டே சொல்தான். தெம்பு கூடினால் வரவு, குறைந்தால் பற்று. யோசித்து எழுதாதீர்கள், நடந்த பத்து நிமிஷத்துக்குள் எழுதுங்கள், ராத்திரி எழுதினால் அன்றைய கடைசிச் சண்டையின் நிறம் முழு நாளுக்கும் ஏறிவிடும். மூன்றாம் நாள் பக்கத்தை அப்படியே தருகிறேன்.

காலை 9.40. கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா, மகளுக்கு வளைகாப்பு, ஐந்து கிலோ மனகோலம். அவர்கள் மாமியார் தேங்காயைப் பல்லுப் பல்லாக வெட்டி வறுத்துப் போடுவாராம், நாமும் அப்படித்தானா என்று கேட்டார். 25 நிமிஷம். வரவு.
11.20. போன், புதிய ஆள். இரண்டு கிலோ சீடைக்கு விலை குறைக்கச் சொன்னார். 6 நிமிஷம். பற்று.
மதியம் 1.15. கூரியர், எடையில் தகராறு. 5 நிமிஷம். பற்று, பெரிய பற்று.
3 முதல் 5. பேக்கிங், தனியாக. நடுவில் நான்கு தடவை கூப்பிட்டார்கள். பற்று.
ராத்திரி 8. சிங்கப்பூரிலிருந்து போன், ஆர்டர் இல்லை, அதிரசம் நன்றாக இருந்தது என்று சொல்லக் கூப்பிட்டார். 15 நிமிஷம். வரவு.

வார முடிவில் குறிப்பிலிருந்து பேரேட்டுக்கு வாருங்கள். அதாவது நோட்டின் பின்பக்கத்தில் தலைப்புப் போட்டு, ஒத்த பதிவுகளை ஒன்றாகச் சேருங்கள். என்ன தலைப்பு என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாமல் பதிவுகளைப் படித்த பிறகு வைப்பது முக்கியம். நான் முதலில் ‘ஆட்களோடு’, ‘தனியாக’ என்று இரண்டே தலைப்புத்தான் மனதில் வைத்திருந்தேன், ஏனென்றால் டெஸ்ட் அப்படித்தான் பிரித்திருந்தது. அப்படிப் பிரித்தால் இரண்டிலும் வரவும் பற்றும் கலந்து கிடந்தன, எதுவும் புரியவில்லை. நிதானமாக மறுபடி படித்தபோது வேறு தலைப்புகள் தெரிந்தன: நீளமான போன் பேச்சு, விலை பேரம், தொந்தரவு இல்லாத பேக்கிங், நடுவில் அறுந்துபோன பேக்கிங். பதினான்கு நாள் முடிந்து ஐந்தொகை போட்டபோது நீளமான போன் பேச்சு பதினொன்று, அதில் ஒன்பது வரவு. பேரம் ஏழு, ஏழும் பற்று. தனியாக பேக்கிங் பன்னிரண்டு தடவை, யாரும் கூப்பிடாத ஐந்தும் வரவு, கூப்பிட்ட ஏழும் பற்று.

அந்தப் பக்கத்தை முகப்பில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு வருஷமாக எனக்கு ஆட்கள் ஒத்துவராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒத்துவராதது பேரமும், செய்துகொண்டிருக்கும் வேலை நடுவில் அறுந்துபோவதும்தான். முகம் தெரியாத ஒரு அம்மாவோடு பலகாரத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுவது எனக்கு ஓய்வு மாதிரி இருந்திருக்கிறது.

பிறகு டெஸ்ட் ரிசல்ட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இணக்கம் என்ற தலைப்பில் எண் ரொம்ப மேலே இருந்தது. இல்லை என்று சொல்ல முடியாதவனுக்கு பேரம் கஷ்டமாகத்தானே இருக்கும்? டெஸ்ட் அதைச் சொல்லியிருக்கிறது, நான்தான் புறமுகம் என்ற ஒரு எண்ணை மட்டும் படித்துவிட்டு மற்ற நான்கையும் புரட்டிப் போட்டிருக்கிறேன். டெஸ்ட்டில் இருந்து எனக்குக் கிடைத்த உண்மையான பிரயோஜனம் இதுதான், நோட்டில் கண்டதற்கு ஒரு பெயர் கிடைத்தது. நோட்டு இல்லாமல் அந்த எண் எனக்கு ஒன்றும் சொல்லியிருக்காது.

இதோடு இன்னொன்றும் செய்தேன். இன்ட்ரோவெர்ட் என்ற ஒரே சொல்லுக்குள் நாம் எத்தனையைப் போட்டு அடைக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். நம் வீடுகளில் அதற்குத் தனித்தனிச் சொல் இருக்கிறது. கூச்சப்படுகிறவர் சங்கோஜி. மனதில் இருப்பதைச் சொல்லாமல் உள்ளே வைத்துக்கொள்கிறவர் அழுத்தக்காரர். ஆட்கள் வந்தாலே முகம் சுளிப்பவர் சிடுமூஞ்சி. தானுண்டு தன் வேலையுண்டு என்று இருப்பவர் வேறு. சங்கோஜிக்குப் பேச ஆசை இருக்கும், பயம் தடுக்கும். அழுத்தக்காரர் கூட்டத்தில் கலகலவென்று பேசிவிட்டு ஒரு விஷயத்தையும் வெளியே விடாமல் வீடு திரும்புவார். இவர்கள் எல்லோரும் ஒரே டெஸ்ட்டில் பக்கத்துப் பக்கத்து எண் வாங்கலாம், ஆனால் இவர்களுக்கு வேண்டிய மாற்றம் ஒன்றல்ல. ரிசல்ட் வந்ததும் அதன் ஆங்கிலப் பெயரை மூடிவைத்துவிட்டு, உங்கள் வீட்டில் உங்களுக்கு என்ன சொல் வைத்திருக்கிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். கறார், வெள்ளந்தி, முன்கோபி, வாயாடி, எதுவானாலும் சரி. எனக்கு எங்கள் வீட்டில் இருந்த சொல் அழுத்தக்காரன். அது நான்கு எழுத்தை விடக் கிட்டத்தில் இருந்தது.

வீட்டில் கேட்பது

உள்ளே நடக்கும் பதற்றமும் கவலையும் நமக்குத்தான் நன்றாகத் தெரியும். நம் நடத்தை அடுத்தவர் மேல் எப்படி விழுகிறது என்பது பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். அதனால் ஒரு ஆளிடமாவது கேளுங்கள். ‘நான் எப்படிப்பட்டவன்?’ என்று கேட்காதீர்கள், ‘நீ நல்ல பிள்ளைதான்’ என்று பதில் வரும், அதோடு முடிந்துவிடும். ‘போன மாசம் நான் எப்போது உங்களைக் கஷ்டப்படுத்தினேன்?’ என்று கேளுங்கள். ஒரு நிகழ்ச்சியாகப் பதில் வரும். கேட்ட பிறகு வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும், விளக்கம் சொல்லத் தொடங்கினால் அடுத்த தடவை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

நான் ஆத்தாவிடம் கேட்டேன். மத்தியானம், இரண்டாங்கட்டில் உட்கார்ந்து கொட்டான் பின்னிக்கொண்டிருந்தார்கள். ஓலையை ஒரு மடிப்பு மடித்து, அடுத்ததைச் செருகி, தலை நிமிராமலே சொன்னார்கள்: ‘நீ எதுக்கும் இல்லைங்க மாட்டப்பா. சரி சரின்னு தலையாட்டிருவ. அப்புறம் மூணு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிவ. எது பிடிக்கலன்னு நாங்கதான் தேடணும்.’ நோட்டில் இது எங்குமே இல்லை. எனக்குத் தெரியாமல் நடப்பதை நான் எப்படி எழுதியிருப்பேன்? அதே இணக்கம், இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் மற்றவர்களுக்கு இப்படித் தெரிகிறது. அன்றைக்கு ராத்திரி நோட்டில் ஒரு புதிய தலைப்புப் போட்டேன்: ‘சரி என்று சொன்னேன், ஆனால் மனசு ஒப்பவில்லை.’

என்ன மாற்றுவது, எதை விடுவது

குணத்தையே மாற்றப் போகிறேன் என்று கிளம்ப வேண்டாம். ஏற்பாட்டை மாற்றுங்கள், அதுவும் ஒரு நேரத்தில் ஒன்று. நாங்கள் விலைப்பட்டியல் ஒன்று எழுதி வாட்ஸ்அப்பில் போட்டோம், யார் விலை கேட்டாலும் முதலில் அது போகும். காலை ஆறிலிருந்து எட்டு வரை என் பேக்கிங் நேரம், அப்போது பட்டாலைக் கதவு சாத்தியிருக்கும், வீடு தீப்பிடித்தால் ஒழியக் கூப்பிட வேண்டாம் என்று பேசிக்கொண்டோம். ஒவ்வொன்றையும் இரண்டு வாரம் வைத்துப் பார்த்து நோட்டில் வரவு பற்று மாறுகிறதா என்று பார்த்தோம். வேறு ஒரு ஏற்பாடும் செய்தோம், சனிக்கிழமைதோறும் கணக்குப் பார்ப்பது என்று, அதில் எந்த மாற்றமும் தெரியவில்லை, விட்டுவிட்டோம்.

ஆளை வேலைக்கு எடுக்க இதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நான்கு எழுத்து டெஸ்ட்டை நடத்துகிறவர்களே அது வேலைக்கு ஆள் எடுப்பதற்கானது இல்லை என்று சொல்கிறார்கள். கல்யாணப் பேச்சில் ஜாதகத்தோடு இதையும் வைத்துப் பொருத்தம் பார்ப்பதை இப்போது அங்கங்கே கேள்விப்படுகிறேன், எனக்கு அது மனதார வருத்தமாக இருக்கிறது. நாற்பது வருஷம் சேர்ந்து வாழப்போகிற இரண்டு பேரைப் பதினைந்து நிமிஷத்துக் கேள்வித்தாளில் தட்டிக்கழிக்கக் கூடாது. பிள்ளைகளிடம் ‘நீ இந்த டைப்’ என்று சொல்லவே சொல்லாதீர்கள். பெரியவர்களுக்கே வயது ஏற ஏறக் குணம் நகர்கிறது. சராசரியாகப் பார்த்தால் வாலிபத்திலிருந்து நடுவயதுக்குப் போகும்போது பொறுப்பும் இணக்கமும் கூடுகின்றன, பதற்றம் குறைகிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு ஒட்டின லேபிளை அது இருபது வயது வரை சுமக்கும். எனக்கு முப்பது வயதில் ஒட்டினதே நான்கு வருஷம் உரியவில்லை.

அப்புறம், பதற்றத்தில் எண் மேலே வந்தால் அது நோய் இல்லை. ஆனால் பல வாரமாகத் தூக்கம் இல்லை, பிடித்த வேலையிலும் மனம் ஒட்டவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அதை ‘என் டைப் அப்படி’ என்று தள்ளிவிடாதீர்கள். அதற்கு டெஸ்ட்டும் நோட்டும் போதாது, மருத்துவரிடம் பேச வேண்டும். 14416 என்பது மத்திய அரசின் டெலிமானஸ் எண், இலவசம், தமிழிலும் பேசலாம்.

ஆறு மாசமோ ஒரு வருஷமோ கழித்து டெஸ்ட்டை மறுபடி எடுங்கள், பழைய தாளைப் பார்க்காமல். நான் போன தை மாதம் எடுத்தேன். புறமுகம் ஏறக்குறைய பழைய இடத்தில்தான் நிற்கிறது, இணக்கமும் அங்கேயேதான். போன் மணி அடித்தால் இப்போது நான் எடுக்கிறேன், ஆச்சி அடுப்பை விட்டு எழுந்திருப்பதில்லை. ‘கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா தம்பி’ என்று யாராவது தொடங்கினால் மட்டும், ‘ஒரு நிமிஷம் இருங்க, ஆச்சிகிட்ட தர்றேன்’ என்று கொண்டுபோய்க் காதில் வைக்கிறேன். பாகுக் கரண்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அவர்கள் சந்தோஷமாகப் பேரம் பேசுகிறார்கள்.